மெலோட்ரானில் 35 கட்டைக்கு மேல் சேர்க்க முடியுமா?

கேள்வி: பழைய மெலோட்ரான் (டேப்பில் பதிந்த ஒலியை இசைக்கும் விசைப்பலகைக் கருவி) ஒன்று, எம்400 மாடல், விலைக்கு வருகிறது. 35 கட்டைகள்தான். "கூடுதல் டேப் போட்டு மேலே இன்னொரு ஆக்டேவ் சேர்த்துத் தருகிறேன்" என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

இன்றைய கீபோர்டு ஒரே ஒலியை வைத்துக்கொண்டு பல சுரங்களாக ஏற்றி இறக்கிக்கொள்ளும். 1970-இல் வந்த எம்400-க்கு அந்த வித்தை தெரியாது. ஒவ்வொரு கட்டைக்கும் தனி டேப், அதைப் படிக்கும் தனி ஹெட், தனி ரப்பர் உருளை. கட்டையை அமுக்கினால் உருளை டேப்பைச் சுழலும் கம்பியோடு சேர்த்து அழுத்தும், டேப் ஓடும். எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு டேப்பிலும் மூன்று ட்ராக், அதாவது பக்கத்தில் பக்கத்தில் மூன்று தனிப் பதிவுகள். ஆக 35 கட்டைக்கு 105 பதிவுகள். கட்டைகள் ஜி சுரத்தில் தொடங்கி எஃப் சுரத்தில் முடியும். பக்கத்துக் கட்டையின் டேப்பை இங்கே மாட்டினாலும் அதில் பதிந்த அதே பழைய சுரம்தான் வரும்.

இன்னொரு ஆக்டேவ் என்றால் 12 டேப், 12 ஹெட் மட்டும் போதாது. எல்லா டேப்பையும் ஓட்டுவது அந்த ஒரே கம்பிதான். அதன் நீளம் கூடினால் மயிரிழை கோணல்கூடச் சுருதியில் அலையாகக் கேட்கும். பெட்டி இப்போதே ஐம்பது கிலோவைத் தாண்டும்.

சுருதித் திருகைத் திருப்பலாமே என்பார். திருப்பினால் மோட்டார் வேகம் மாறி 35-ம் ஒன்றாக நகரும். வேகம் கூடினால் எட்டு விநாடியும் குறையும். கட்டை ஒன்றுகூட அதிகமாகாது.

அடுத்து மார்க் 2 என்ற முந்தைய மெலோட்ரான் மாடலின் படத்தைக் காட்டி "இதில் 70 கட்டை" என்பார். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 70 உண்மைதான், ஆனால் அது 35-ம் 35-ம் பக்கத்தில் பக்கத்தில். வலப்பக்கம் மெட்டு வாசிக்க. இடப்பக்கம் தாளமும் பக்கவாத்தியமும். இடக்கையில் ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு குழுவே தாளம் வாசிக்கும். ஆறு ஆக்டேவ் நீளமாக ஏறும் ஒரே விசைப்பலகை அல்ல அது. இதை எத்தனை முறை எழுதினாலும் "70 கட்டை மெலோட்ரான், அரிய வாய்ப்பு" என்ற விளம்பரம் நிற்பதில்லை. ஏல இணையதளங்களில் "முழுச் சீரமைப்பு" என்று யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். சரிபார்க்க ஒருவரும் இல்லை, கமிஷன் மட்டும் தவறாமல் பிடிப்பார்கள்.

நேரில் போங்கள். இரு கைகளாலும் பத்துக் கட்டைகளைச் சேர்த்து அமுக்குங்கள். சுருதி சரிந்தால் மோட்டார் கட்டுப்பாட்டில் கோளாறு. பிறகு ஒவ்வொரு கட்டையாக, எட்டு விநாடி முடியும்வரை பிடித்து 35-ஐயும் கேளுங்கள். மூன்று ட்ராக்கிலும். தரகர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும்.