மாற்றக்கூடாது என்ற பூட்டு

அன்புள்ள ஐயா,

நான் புள்ளியியல் ஆசிரியை. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு பருவம் இணையவழியில் பாடம் நடத்தப்போகிறோம். என் குறிப்புகளைத் திறந்த உரிமத்தில், அதாவது பிறர் தனியாக அனுமதி கேட்காமலே பயன்படுத்தும்படி, வெளியிடச் சொன்னார்கள். ‘யாரும் மாற்றக்கூடாது’ என்ற நிபந்தனையோடு கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு வகுத்த உரிமம் கொடுத்தேன். இருந்தும் உழைப்பு திருடுபோகுமோ என்று பயம். என் ஆங்கிலமும் சரளமில்லை. இணையவழி வகுப்புக்கு எந்த மென்பொருள் நல்லது?

சு.

அன்புள்ள சு.,

மென்பொருளை மாணவர்களிடம் கேளுங்கள். ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம். நீங்கள் நிதானமாகப் பேசினால் எதிர்ப்பக்கமும் நிதானமாகப் பேசும். திருட்டைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

என்னை உறுத்துவது அந்த நிபந்தனைதான். அதன் பொருள் தெரிந்துதான் கொடுத்தீர்களா? அந்த உரிமத்தின்படி மொழிபெயர்ப்பும் மாற்றமே. அந்த நாட்டு ஆசிரியர் உங்கள் குறிப்பைத் தன் மொழியில் எழுதித் தனக்கென வைத்துக்கொள்ளலாம், மாணவர்களுக்குக் கொடுக்க முடியாது. ஒரு கணக்கில் ஊர்ப்பெயரை மாற்றிப் பகிரவும் வழியில்லை. கூட்டாகக் கற்பிக்க அழைத்துவிட்டு, கூட்டாளியின் கையைக் கட்டியிருக்கிறீர்கள். 2019இல் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரையைப் படியுங்கள். திறந்த கல்வி வளம் என்பதன் வரையறையிலேயே தழுவி மாற்றும் உரிமை இருக்கிறது. அது இல்லாதது இலவசக் குறிப்பு, அவ்வளவுதான்.

கோபம் உங்கள்மேல் மட்டுமில்லை. நானும் இதையே செய்தேன். நிகழ்தகவுக்கு நான் எழுதிய பாடம் முழுக்கச் சீட்டுக்கட்டு: 52 சீட்டில் ஒன்றை உருவினால் ஆட்டின் (சிவப்பு இதயக்குறி போட்ட சீட்டு) வர வாய்ப்பு எவ்வளவு? வேறொரு நாட்டு ஆசிரியை எழுதினார்: “என் மாணவர்கள் வீடுகளில் சீட்டு நுழைந்ததே இல்லை. முதலில் சீட்டைச் சொல்லிக் கொடுத்து, பிறகு நிகழ்தகவுக்கு வர வேண்டியிருக்கிறது. உதாரணங்களை மாற்றி மொழிபெயர்த்துக்கொள்ளலாமா?” இரண்டு மாதம் கழித்து, கணக்கு எங்கும் கணக்குதானே, அப்படியே இருக்கட்டும் என்று பதில் போட்டேன். எவ்வளவு திமிர்!

அவர் சண்டை போடவில்லை. ஒரு பைக்குள் பலநிற விதைகளைப் போட்டு எடுக்கும் பாடத்தைத் தானே முதலிலிருந்து எழுதி, யாரும் மாற்றலாம் என்று வெளியிட்டார். மறு ஆண்டு எனக்கொரு கூட்டு வகுப்பு வந்தது. எதிர்ப்பக்கத்து மாணவர்கள் வாயே திறக்கவில்லை. அடிப்படைக் கணிதம் போதாது என்று முடிவுகட்டி, எளிய கணக்குகளாகக் கொடுத்தேன். அவையும் சீட்டுக் கணக்குகளே. மூன்றாவது வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “ஆட்டின் என்றால் என்ன?” அன்றிரவு அந்த விதைப் பாடத்தைத் தேடி எடுத்தேன். அடுத்த வகுப்பில் அதே மாணவர்கள் என் விடையையே திருத்தினார்கள்.

அந்தப் பாடத்தில் இரண்டு கேள்விகள் சேர்த்து, மன்னிப்பும் கேட்டு அவருக்கு அனுப்பினேன். மன்னிப்பைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. கேள்விகள் இரண்டும் அவருடைய அடுத்த பதிப்பில் என் பெயரோடு வந்தன.

அம்மா, உரிமத்தைத் தளர்த்த எந்தத் தடையும் இல்லை. பெயர் குறிப்பிட்டால் போதும் என்று இன்றே மாற்றுங்கள். பிடிஎஃப் மட்டும் போட்டால் திருத்துபவர் திண்டாடுவார். நீங்கள் தட்டச்சு செய்த மூலக்கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள்.