அப்பா ஏன் டைனிங் டேபிளுக்கு வர மாட்டேன் என்கிறார்?

கேள்வி: எங்களுடையது கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கொல்லை. அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. எல்லோரும் சேர்ந்து சாப்பிடட்டும் என்று ஆறு பேர் உட்காரும் டேபிள் வாங்கிக் கூடத்தில் போட்டோம். அப்பா டிவி முன்னால் தன் நாற்காலியில்தான் சாப்பிடுகிறார். அம்மா அடுப்படியில் நின்றபடியே முடித்துக்கொள்கிறார். டேபிளில் இப்போது மாத்திரை டப்பாவும் கரண்ட் பில்லும்தான் இருக்கின்றன. வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். அடுக்களைச் சுவரை இடித்து ஓப்பன் கிச்சன் ஆக்கிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் பெரும்பாலும் கூரையைத் தாங்குவதே சுவர்தான். பொறியாளர் வந்து பார்க்காமல் மேஸ்திரியின் தைரியத்தை நம்பிக் கடப்பாரையைத் தூக்காதீர்கள். அதோடு, நம் வீட்டு மிளகாய்த் தாளிப்புக்குக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் தும்ம வேண்டியிருக்கும். அம்மா உங்கள் முகம் பார்த்துப் பேசத்தானே வேண்டும்? அதற்கு மூன்றரை அடி உயரத்தில், மேலே லிண்டல் (சுவரின் பாரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) கொடுத்து ஒரு பரிமாறும் ஜன்னல் திறந்தால் போதும். குழம்புச் சட்டியோடு நிலைப்படி தாண்டும் வேலையும் அம்மாவுக்கு மிச்சம்.

இனி அப்பா. அவர் டிவி பார்க்கத்தான் அங்கே உட்காருகிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த நாற்காலியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கட்டாயம் கை வைத்த நாற்காலியாக இருக்கும். டேபிளோடு செட்டாக வரும் நாற்காலிகள் பலவற்றுக்குக் கை கிடையாது. எழுந்திருக்கும்போது முழங்காலின் பாரத்தைத் தோளும் கையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ள வேண்டிய வயது அவருக்கு. பிடி இல்லாத இடத்தில் அவர் உட்காரத் தயங்குவது நியாயம்தான்.

ஆகவே இஞ்ச் டேப்பை எடுத்து அப்பா சிரமமில்லாமல் எழுந்திருக்கும் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள். பொதுவாக இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் இருக்கலாம். உயரமானவருக்கு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். கைப்பிடி இருக்கையிலிருந்து ஏழு முதல் ஒன்பது அங்குலம். டேபிள் 30 அங்குலம். கை வைத்த நாற்காலி டேபிளுக்கு அடியில் நுழைகிறதா என்று கடையிலேயே தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பலகைக்குக் கீழே ஓடும் சட்டத்தில் கைப்பிடி இடித்தால், அவர் தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வேட்டியில் சாம்பார் சிந்துவார். பிறகு பேச்சு வாங்குவதும் அவர்தான்.

இன்னொரு காரணம் காது. கூடத்தில் உயரமான கூரை, வெறும் தரை, எதிரொலி. பேரப்பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் பேச, பின்னால் மிக்ஸி ஓடினால், காது மந்தமானவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். டிவியிலோ ஒருவர்தான் பேசுகிறார், வேண்டிய மட்டும் சத்தமும் வைத்துக்கொள்ளலாம்! அவரைச் சுவருக்கு முதுகு காட்டி, எல்லோர் முகமும் தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். கனமான திரைச்சீலை ஒன்று போட்டாலும் எதிரொலி குறையும்.

வெளிச்சத்தையும் கவனியுங்கள். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதில் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போகும். டேபிளுக்கு நேர் மேலே, கண் கூசாதபடி மூடி போட்ட விளக்கு ஒன்று வேண்டும். டியூப்லைட் பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் மோரும் அவருக்குச் சரியாகத் தெரியாது. மீன் முள்ளும் அப்படியே. வாழையிலையில் இந்தத் தொல்லை இல்லை. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இலைக்கா பஞ்சம்?

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். சாப்பிட்ட பிறகு கை கழுவ எங்கே போகிறார்? கொல்லைக்கா? இரண்டு நிலைப்படி, ஈரத் தரை, எச்சில் கை. எச்சில் கையோடு எதையும் பிடிக்கவும் மாட்டார். வயதானவர்கள் சிலருக்குச் சாப்பிட்டதும் இரத்த அழுத்தம் இறங்கும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சாப்பிட்டுக் கை காயக் காய உட்கார்ந்து அரட்டை அடிப்பது அந்த வகையில் நல்ல பழக்கம். வாஷ்பேசினைக் கூடத்துப் பக்கமே, டேபிளிலிருந்து நாலைந்து எட்டில் கொண்டுவந்துவிடுங்கள். அதன் கீழே வழவழ டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போடச் சொல்லுங்கள். துண்டு தொங்கும் கம்பியைத்தான் தடுமாறும் கை பிடிக்கும். அது சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அந்த இடத்தில் செங்கலில் ஆழமாகத் திருகாணி இறக்கிய கைப்பிடி வையுங்கள். நிலைப்படியை எடுக்க முடியாவிட்டால் ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்ற கணக்கில் சரிவு கொடுங்கள்.

அம்மா நிற்பதற்குக் காரணம் தோசை. எல்லோருக்கும் சூடாக வேண்டும், ஒருவர் வார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தக் கட்டடக்காரராலும் இதைத் தீர்க்க முடியாது. டேபிள் பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று வைத்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் அங்கேயே வார்க்கலாம். 2,000 வாட் அடுப்பைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் போடக்கூடாது. கல் அடிப்பக்கம் தட்டையாக, இரும்பாக இருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இரண்டடி தள்ளி உட்காரட்டும். தோசைக் கரண்டி வாரத்தில் பாதி நாள் உங்கள் கையில் இருக்கட்டும்.

தரையில் உட்கார முடிகிறவர் பலகை போட்டு உட்காரட்டும், தூணோ சுவரோ எட்டும் இடத்தில். மூட்டு மாற்று அறுவைசிகிச்சை ஆனவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் டேபிள், பேசின், நாற்காலி எல்லாவற்றையும் சாக்பீஸால் தரையில் வரைந்து, அப்பாவை நடந்து காட்டச் சொல்லுங்கள். நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே மூன்றடி இல்லாவிட்டால் அந்த ஆறு பேர் டேபிளைக் கொடுத்துவிட்டு, நாலடி வட்ட டேபிளாக வாங்கிப் போடுங்கள். ஆறு பேரும் நெருக்கி உட்காரலாம், மூலை எதுவும் இடுப்பில் இடிக்காது. மாத்திரை டப்பாவுக்கு மட்டும் சுவரில் ஓர் அலமாரி அடித்துவிடுங்கள்.