ஈடுகொடுத்தவர் யார்?

கேள்வி: அப்பா நாதஸ்வர வித்துவான். முதலாம் ஆண்டு நினைவு மலருக்காகப் பழைய பத்திரிகை விமர்சனங்களைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றில் "தோடியை விஸ்தாரமாக வாசித்தார், தவிலும் ஈடுகொடுத்து நின்றது" என்றும், இன்னொன்றில் "அடக்கமான வாசிப்பு" என்றும் இருக்கிறது. இவை பாராட்டா, குறையா? தம்பியோ "சபையோர் மெய்ம்மறந்தனர்" என்ற விமர்சனத்தை முதற்பக்கத்தில் போடச் சொல்கிறான். (தவில் சித்தப்பா. காணிப் பிரச்சினையால் பேச்சில்லை. அவர் பெயர் வரும் பாதியைக் கத்தரித்துவிட்டேன், அது மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.)
- மூத்த மகள், கோண்டாவில்

பதில்: பிள்ளை, "இது பாராட்டுத்தானே?" என்று கேட்காத நினைவு மலர்க் கடிதம் இல்லை. உம்முடைய வில்லங்கம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

நாதஸ்வரமும் தவிலும் சேரும் மேளச்சமாவில் ஒருவர் ஈடுகொடுத்தார் என்றால், ஈடுகொடுக்க வேண்டிய அளவுக்கு மற்றவர் வாசித்தார் என்று பொருள். அப்பாவுக்கான பாராட்டே அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது தோடியை நீட்டி வாசித்தார் என்ற தகவல் மட்டும். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த யாழ்ப்பாண மண்ணில் இருந்துகொண்டு, தவில்காரரைக் கத்தரித்து நாதஸ்வரத்தை உயர்த்தலாம் என்று எப்படி நினைத்தீர்? சித்தப்பாவின் பெயரை வெட்டப்போய் அப்பாவின் பெருமையையும் வெட்டியிருக்கிறீர்.

"அடக்கம்" ஆளைப் பொறுத்த சொல். பக்கவாத்தியத்துக்கு எழுதினால் நல்ல பாராட்டு, முதன்மைக் கலைஞரை மூடி வாசிக்கவில்லை என்று அர்த்தம். நாதஸ்வரத்துக்கு எழுதினால் அடுத்த வரிகளைப் பாரும். ராகம், கீர்த்தனை, எந்த இடத்தில் பிடி நன்றாக விழுந்தது என்றெல்லாம் வந்தால் எழுதியவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், அது மெச்சல். ஒன்றுமே இல்லையென்றால் மரியாதையாகச் சொன்ன குறை. "நேரம் போதாமையால் பல்லவி சோபிக்கவில்லை", "எதிர்காலத்தில் பிரகாசிப்பார்" என்பவையும் அந்தச் சாதிதான். அப்படி ஏதும் இருந்தாலும் ஒளிக்காமல் போடும். குறையும் சொன்ன விமர்சகரின் மெச்சலுக்குத்தான் பெறுமதி.

தம்பியின் "மெய்ம்மறந்தனர்", அதன் கூடப்பிறந்த "கரகோஷம் வானைப் பிளந்தது" எல்லாம் பரிசளிப்பு விழாச் செய்திக்கும் பொருந்தும். கடைசிப் பக்கம் போதும்.

துண்டில் பத்திரிகைப் பெயரோ திகதியோ இல்லையென்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாரும். படமாளிகை விளம்பரம், மரண அறிவித்தல், கொடியேற்ற அறிவித்தல் ஏதாவது காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஈழகேசரிப் பத்திரிகை 1930 முதல் 1958 வரை வந்தது. ஈழநாடு 1959 இல் தொடங்கி 1961 இல் நாளிதழானது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு "நூலகம்" என்ற இணையத்தளத்திலுள்ள பழைய இதழ்களில் தேடலாம். ஆனால் எல்லா இதழும் கிடைக்குமென்று இராதேயும். 1981 இல் யாழ். பொது நூலகமும் எரிந்தது, ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. வீட்டுப் பெட்டிகளில் தப்பிக் கிடந்த தாளில் நீர் கத்தரிக்கோல் வைத்திருக்கிறீர்.

இரண்டு பாதியையும் ஒட்டுவதற்கு சிலோட்டேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தோடு தாளையும் கெடுக்கும். கறுப்புத் தாளின்மேல் இரண்டையும் பொருத்தி வைத்து 600 டிபிஐயில் ஸ்கான் எடும். வெள்ளைத் தாள் வைத்தால் பின்பக்க எழுத்து ஊடுதெரியும். மலரில் வாக்கியத்தை முழுதாகப் போட்டு, கீழே பத்திரிகைப் பெயரும் திகதியும் எழுதும். இடையில் எதையாவது விட்டால் மூன்று புள்ளி கட்டாயம்.

காணிச் சண்டை கோர்ட்டில் நடக்கட்டும். தமையனோடு மேடையில் இருந்தவரைத் தமையனின் மலரிலிருந்து அழிக்கப் பிள்ளைகளுக்கு உரித்தில்லை. அந்தச் சமா எந்தக் கோயிலில், எந்த வருடம், தோடிக்குப் பிறகு என்ன வாசித்தார்கள் என்று சொல்லக்கூடிய ஆள் அவர்தான். அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்தப் படியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போம். தம்பியையும் கூட்டிக்கொண்டு போம்.