பதில்: 'ஷ்னே' ஒலிப்பதிவில் பழுதா?

வணக்கம். டென்மார்க் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஆப்ரஹாம்செனின் 'ஷ்னே' (ஜெர்மனில் 'பனி' என்று பொருள்) கேட்டபோது நடுவில் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்ப்பது கேட்கிறது, இரைச்சலும் வருகிறது, தவறான பதிவை வாங்கிவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். பதிவில் பழுதே இல்லை.

ஒன்பது பேர் வாசிக்கும் அந்தப் படைப்பில் பத்து கேனன்கள் (ஒரே மெட்டை ஒருவர்பின் ஒருவராகத் தொடர்ந்து வாசிக்கும் அமைப்பு), இடையிடையே மூன்று இடைப்பகுதிகள். அந்த இடைப்பகுதிகளில்தான் கலைஞர்கள் உண்மையாகவே சுருதியை நூலளவு மாற்றுகிறார்கள். அதையும் எழுதிவைத்திருக்கிறார் மனிதர்! இரண்டு பியானோக்களின் சுருதி மட்டும் மாறாது. அதனால் அதன் பிறகு ஒரு பியானோவும் வயலினும் ஒரே ஸ்வரத்தைத் தொட்டால்கூட முழுதாக ஒட்டாமல் காற்றில் லேசாக நடுங்கும். எனக்குக் குளிர்காலம் தெரிவது அந்த நடுக்கத்தில்தான்.

'சர்ர்' என்ற இரைச்சல், தாளவாத்தியக்காரர் மேசைமேல் காகிதத்தைத் தேய்ப்பது.

முதல் பத்து நிமிடம் அலுப்பாக இருந்தது என்கிறீர்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான். கேனன்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தவை. முதல் ஜோடி மிக நீளம், போகப் போகச் சுருங்கிக் கடைசி ஜோடியில் ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவுதான். ஆகவே கடைசி ஜோடியை முதலில் கேளுங்கள். பிறகு முதல் ஜோடிக்கு வந்து, இரண்டாவது கேனன் முதலாவதையே வேறு உடையில் திருப்பிச் சொல்வதைக் கவனியுங்கள். ஹெட்போனில் கேட்டால் இன்னும் நல்லது: இரண்டு பியானோக்களும் மேடையின் இரு பக்கங்களில் எதிரெதிராக இருக்கின்றன.