கைவிட்ட போர்வெல்லில் வெப்பமானியை இறக்கினால் பழைய காலத்துத் தட்பவெப்பம் தெரியுமா? எங்கள் வீடு பெங்களூரில், போர்வெல் 900 அடி.

தெரியும், ஆனால் எல்லாத் துளையிலும் தெரியாது. நிலவியல் படித்தபோது கோலார் பக்கத்துக் கருங்கல் பாறையில் கிடந்த பழைய துளைகளை அளக்கப் போயிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சித்திரை மாதம் ஹலசூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வெயில் தாழ்ந்து வெகு நேரம் ஆகியும் கல்தளம் காலுக்கு வெதுவெதுவென்று இருக்கும். கல் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். தரையின் சூடு பாறைக்குள் இறங்குவதும் இப்படித்தான். பகல் இரவு வித்தியாசம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடைக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம் 15 மீட்டர் வாக்கில் அநேகமாக இருக்காது. நூறு ஆண்டாக நீடித்த மாற்றமோ 100, 150 மீட்டர் வரை போய்ச் சேரும்.

கீழிருந்தும் சூடு வருகிறது. என் தாத்தா கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே போகப் போகப் பாறையே சுடும் என்பார். அங்கே 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். தரையில் எதுவும் மாறாமல் இருந்தால், ஒரே வகைப் பாறையில் ஆழம் கூடக் கூட வெப்பநிலையும் நேர்கோடாக ஏற வேண்டும். நாங்கள் வரைந்த படத்தில் ஆழத்தில் கோடு நேராக இருந்தது. மேலே வர வர, இருக்க வேண்டியதைவிடச் சூடான பக்கமாக வளைந்தது. கீழ்க்கோட்டை ஸ்கேல் வைத்துத் தரைமட்டம் வரை நீட்டினால் அது தொடுகிற இடம்தான் பழைய காலத்துத் தரை வெப்பநிலை! அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் பங்குகொண்ட ஆய்வு ஒன்று 2002-இல் வந்தது. இந்தியாவில் 75 துளைகளைப் பார்த்து, சுமார் 150 ஆண்டுகளில் தரை 0.9 டிகிரி சூடேறியிருக்கிறது என்றார்கள். அதற்கு முன்பே, 2000-இல், உலகெங்கும் 616 துளைகளை வைத்து 500 ஆண்டுகளில் ஏறக்குறைய 1 டிகிரி என்று கணக்கிட்டிருந்தார்கள். அதில் பாதி இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறியது.

பாறைக்கு நுணுக்கமான நினைவு கிடையாது. தாது வருடப் பஞ்சத்தின்போது எவ்வளவு வெயில் அடித்தது என்று கேட்டால் அதில் பதில் இருக்காது. பழையது ஆக ஆக எல்லாம் மங்கி ஒன்றாகிவிடும். ஆனாலும் மர வளையத்தைவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன். மரத்தின் வளர்ச்சியில் மழைக்கும் பங்கு உண்டு, அதிலிருந்து வெப்பத்தைப் பிரித்து ஊகிக்க வேண்டும். இங்கே நாம் அளப்பது வெப்பநிலையையே.

சரி, உங்கள் போர்வெல். 900 அடி ஆழம் போதும். ஆனால் வருஷக்கணக்கில் மோட்டார் ஓடியிருந்தால் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே அலைந்து சூட்டை இடம் மாற்றியிருக்கும். போதாததற்குச் சுற்றிலும் மரம் போய்க் கான்கிரீட் வந்த சூடும் தட்பவெப்பம் மாறிய சூட்டோடு சேர்ந்தே இறங்கியிருக்கும், இந்த இரண்டு சூட்டையும் பிரிப்பது கஷ்டம். ஊருக்கு வெளியே, மோட்டாரே இறக்காமல் விட்ட பழைய துளை தெரிந்தால் தயவுசெய்து மண் போட்டு மூடிவிடாதீர்கள். குழந்தைகள் விழாதபடி கனமான இரும்பு மூடி போட்டுப் பூட்டி, பக்கத்துக் கல்லூரி நிலவியல் துறைக்குச் சொல்லுங்கள். நீங்களே அளப்பதானால் கருவியை இறக்கும்போதே, ஒவ்வொரு ஆழத்திலும் சற்று நிறுத்தி அளவெடுங்கள். மேலே இழுக்கும்போது தண்ணீர் ஏற்கெனவே கலங்கியிருக்கும்.