இன்ஃபினிட்டியில் மங்கும் யானைமலை: கேமரா கேள்வி–பதில்

நிக்கானின் பழைய நிக்கார் 20 எம்எம் எஃப் 4 ஏஐ (அபெர்ச்சர் நிலையைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் வகை) லென்ஸை அடாப்டர் போட்டு சோனி ஏ7 மூன்றாம் மாடலில் மாட்டியிருக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து யானைமலையை எடுத்தால், ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டி (முடிவிலாத் தூரம்) வரை திருப்பியதும் மலை மங்கிவிடுகிறது. 2 மீட்டர் பக்கம் நிறுத்தினால்தான் தெளிகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?
– ஒத்தக்கடை வாசகர்

முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். நிக்கான் எஃப் மவுண்டின் (லென்ஸ் மாட்டும் வாய்) முகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் 46.5 மி.மீ. சோனி இ மவுண்டில் அது 18 மி.மீ. மிச்சமுள்ள 28.5 மி.மீ.தான் அடாப்டரின் சரியான தடிமன். ஆனால் விலை மலிவான அடாப்டர்களைத் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே ஒரு மயிரிழை குறைத்துவிடுவார்கள். தடிமன் கூடிவிட்டால் தூரத்துப் பொருள் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. குறைந்தால் வளையம் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். அதனால் குறைத்து வைப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

அந்த மயிரிழை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். ஃபோகல் தூரத்தை அதாலேயே பெருக்குங்கள்: 20 × 20 = 400. மலை தெளியும்போது வளையம் காட்டும் தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதால் வகுங்கள்: 400 ÷ 2000 = 0.2. உங்கள் அடாப்டர் ஏறத்தாழ 0.2 மி.மீ. மெலிந்திருக்கிறது. இதே அடாப்டரில் 50 எம்எம் லென்ஸை மாட்டினால் 2500 ÷ 0.2, அதாவது வளையம் பன்னிரண்டரை மீட்டர் பக்கம் நிற்கும்போது மலை தெளியும். அது இன்ஃபினிட்டிக்கு ஒட்டியே இருப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. அடாப்டரின் குறையை அகல லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

50 எம்எம்மை மாட்டியும் பாருங்கள். அதுவும் முன்கூட்டியே தெளிந்தால் குற்றவாளி அடாப்டர். அது இன்ஃபினிட்டியில் சரியாக நின்றால், உங்கள் 20 எம்எம்மை யாரோ கழற்றி மாட்டும்போது ஃபோகஸ் வளையத்தை இடம் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தெரிந்த லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். அடாப்டரின் இரண்டு மவுண்ட் முகங்களுக்கும் இடையே நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். நான்கும் 28.3 என்று ஒரே மாதிரி வந்தால் பயமில்லை. ஒரு பக்கம் 28.3, எதிர்ப்பக்கம் 28.4 என்று வந்தால் அந்த அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். படத்தின் ஒரு ஓரம் எப்போதும் மங்கலாகவே வரும்.

சமமாக மெலிந்த அடாப்டரைச் சரிசெய்யலாம். பல அடாப்டர்களில் பின் தகட்டைச் சிறு திருகுகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றி, தகட்டுக்கு அடியில் 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி வைத்து முடுக்கினால் போதும். சமையலறை அலுமினியத் தாளை மடித்து வைக்காதீர்கள். பிசிர் பெயர்ந்து நேரே சென்சாரில் போய் விழும்.

எஃப் 4 லென்ஸ் என்பதால் இதைச் சரிசெய்யாமலே விட்டாலும் பெரிய நஷ்டமில்லை, தூரக் கோடுகளை மட்டும் நம்ப முடியாது. ஆனால் பின்னால் வந்த 20 எம்எம் எஃப் 2.8 லென்ஸில், வளையத்தைத் திருப்பும்போது உள்ளே கண்ணாடிகளுக்கு இடையிலான இடைவெளியும் மாறும். தூரத்து மலையை 2 மீட்டர் நிலையில் எடுத்தால் அந்த இடைவெளி 2 மீட்டருக்கு உரியதாகவே இருக்கும், மூலைகள் கெடும். அந்த லென்ஸுக்கு அடாப்டர் துல்லியமாக இருந்தே ஆகவேண்டும்.

சுவரில் செய்தித்தாளை ஒட்டி எடுத்துப் பார்த்தேன். இடது கீழ் மூலை மட்டும் மங்கல். லென்ஸைத் திருப்பிக் கொடுக்கலாமா?
– தெப்பக்குளம் வாசகி

செய்தித்தாளை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் கேமரா சுவருக்கு இம்மி கோணலாக நின்றாலும் ஒரு மூலை மங்கும். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நல்ல சோதனைக்கூடம் இருக்கிறது: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். கரையின் நடுவிலிருந்து மைய மண்டபம் நானூறு அடிக்கு மேல் தள்ளி நிற்கிறது. 20 எம்எம்முக்கு அது இன்ஃபினிட்டிதான்.

காலை 6.30 மணியிலிருந்து 8 மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கல்லும் தார்ச்சாலையும் சூடேறிக் கானல் ஆடத் தொடங்கும். அந்த அசைவை லென்ஸின் மங்கல் என்று நினைத்துவிடுவீர்கள். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர். கேமராவின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்து, மண்டபத்தின் உச்சியைப் படத்தின் நடுவில் வைத்து, திரையில் அதிகபட்சம் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸ் ஆன இடம் என்று திரையில் காட்டும் பீக்கிங் நிறக்கோடுகளை நம்ப வேண்டாம். இவ்வளவு அகலமான லென்ஸில் பாதிப் படம் நிறம் காட்டும். பிறகு வளையத்தைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு படம். அடுத்து கேமராவை மட்டும் திருப்பி, அதே உச்சியை ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் நான்கு படங்கள். எஃப் 5.6, எஃப் 8 இரண்டிலும் இதே ஐந்து படங்களை எடுங்கள்.

மூலையை நடுவோடு ஒப்பிடாதீர்கள், மூலையை மூலையோடு ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கினால் அது அந்தக் கால வடிவமைப்பின் இயல்பு; எஃப் 8-இல் பெருமளவு தேறிவிடும். அன்று லென்ஸுக்குப் பின்னால் வெறும் ஃபிலிம்தான். இன்று சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி அடுக்கு இருக்கிறது, ஓரங்களில் சாய்ந்து வரும் ஒளியை அது கொஞ்சம் கலைக்கும். ஒரு மூலை மட்டும் எஃப் 8-இலும் மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது, அல்லது அடாப்டர் சாய்ந்திருக்கிறது. வேறொரு அடாப்டரில் மறுபடி எடுத்து அதே மூலை மங்கினால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

லென்ஸின் மேல் உள்ள தூர அளவுகோலில் எஃப் 11 கோடுகளுக்கு இடையில் அடங்கும்படி வைத்து எடுத்தும், பெரிதாக்கிப் பார்த்தால் மலை கூர்மையாக இல்லை.
– திருமங்கலம் வாசகர்

எங்கிருந்து எது வரை கூர்மையாக வரும் என்று காட்டும் அந்தக் கோடுகள் சுமார் 0.03 மி.மீ. மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் கணக்கில் வரைந்தவை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) ஒரு பிக்சலே 0.006 மி.மீ.தான். எஃப் 11-இல் எடுக்கும்போது எஃப் 5.6 கோடுகளைப் பாருங்கள். எஃப் 16-க்கு மேல் மூடினால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) படம் முழுவதுமே மென்மையாகிவிடும்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. ஏஐ அல்லாத பழைய 20 எம்எம் மாட்டலாமா? ஒளி மீட்டர் வேலை செய்யுமா?
– மேலூர் வாசகர்

தாராளமாக மாட்டலாம். டி3000, டி5000 வரிசைகளில் மவுண்ட் ஓரத்தில், ஏஐ லென்ஸின் அபெர்ச்சர் நிலையை உணரும் சிறு நெம்பு கிடையாது. டி7000 வரிசையிலும் (டி7500 தவிர) டி750, டி850 போன்றவற்றிலும் அது உண்டு. அவற்றில் ஏஐ அல்லாத லென்ஸை முறுக்கினால் நெம்பு உடையக்கூடும். உங்கள் கேமராவில் ஒளி மீட்டர் வேலை செய்யாது. எம் (மேனுவல்) நிலையில் வைத்து, ஒரு படம் எடுத்து, ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் பார்த்துத் திருத்துங்கள். சென்சார் சிறியது என்பதால் 20 எம்எம் உங்களுக்கு 30 எம்எம் அளவு அகலம்தான் தரும். இன்னொரு எச்சரிக்கை: 1959-இல் வந்த நிக்கார் 21 எம்எம் எஃப் 4 கிடைத்தால் டிஎஸ்எல்ஆரில் மாட்டாதீர்கள். அதன் பின்பகுதி, கேமராவின் மிரர் இருக்கும் இடம் வரை உள்ளே நீளும், மிரர் மோதிவிடும்.

பழைய லென்ஸை வாங்கும்போது கடையிலேயே எதைப் பார்ப்பது?
– உசிலம்பட்டி வாசகர்

டார்ச்சைப் பின்பக்கம் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் ஃபங்கஸ். புகை படிந்தது போல இருந்தால் உள்பூச்சில் ஹேஸ் (மங்கல் படலம்). இவை இருந்தால், அகல லென்ஸில் வெயில் எப்படியும் ஒரு மூலையில் வந்து நிற்கும் என்பதால் படம் வெளுத்துப்போகும். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா பாருங்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த லென்ஸில் கிரீஸ் இளகி இதழ்களுக்குப் போய்விடும், பிறகு அவை சோம்பலாக மூடும். பின்பக்க நெம்பை விரலால் தள்ளி விட்டால் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும்.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை எடுத்தால் பின்னால் சாய்கிறது. லென்ஸ் குறையா?
– வில்லாபுரம் வாசகர்

இல்லை, கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. ஃபுல் ஃபிரேமில் 20 எம்எம்மைச் செங்குத்தாகவும் மட்டமாகவும் பிடித்தால், பத்தடி தள்ளி நிற்கும்போது கண் மட்டத்துக்கு மேல் ஒன்பது அடி படத்தில் அடங்கும். கோபுரம் ஏறத்தாழ 170 அடி. மறைப்பில்லாமல் சுமார் 185 அடி பின்வாங்க இடமிருந்தால் சாயாமல் முழுதாக வரும், கீழே வரும் தெருவை வெட்டிக்கொள்ளலாம்.