தகர டின்னில் துரு

கேள்வி: வருடத்துக்கு வேண்டிய துவரம்பருப்பைக் காய வைத்துத் தகர டின்னில் போட்டு வைக்கிறேன். ஐப்பசி மழையில் டின்னின் அடியில் துரு, பருப்பில் பூசண வாடை. என்ன செய்யலாம்?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு கொட்டி மூடுகிறீர்களா? நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. பருப்பின் ஆவி, ராத்திரி தகரம் குளிர்ந்ததும் நீராகிவிடுகிறது. பாயில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, அப்புறம் கொட்டுங்கள். ராத்திரி முழுக்க விடாதீர்கள். காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும்.

சிமெண்ட் தரையும் மழைக்காலத்தில் ஈரம் கக்கும். உங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. டின்னை மரப்பலகை மேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கரண்டி எப்போதும் காய்ந்திருக்கட்டும்.

வெளியே துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து பெயிண்ட் அடிக்கலாம். உள்ளே பிடித்திருந்தால் எவர்சில்வர் டிரம்முக்கு மாறிவிடுங்கள். பூசண வாடை அடிக்கும் பருப்பை மட்டும் தயவுசெய்து கழுவிக் காய வைத்துச் சமைக்காதீர்கள். சில பூஞ்சைகளின் நஞ்சு வேக வைத்தாலும் போகாது.